கேட்கப்படாத பாதி

தையல்காரருக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகள் மூன்றுதான். இறக்கம் எவ்வளவு வேண்டும், கை முழுசா அரையா, என்றைக்குக் கொடுக்கணும். இந்த மூன்றை வைத்துக்கொண்டே மனிதர் கடை நடத்தி, கல்யாணம் செய்து, ஒரு பெண்ணைப் பெற்றுப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பிவிட்டார். மிச்சக் கேள்விகளை மனைவி பார்த்துக்கொண்டாள். சாப்பிட்டியா, தூங்கினியா, முகம் ஏன் வாடிக் கிடக்கு, எவ என்ன சொன்னா என்று அவள்தான் கேட்பாள். இவர் ஓரமாக நின்று, ஊசியில் நூல் கோப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, பதிலை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார். வீட்டில் வேலைப் பங்கீடு அப்படி. யாருக்கும் அதில் குறையில்லை.

மகள் விடுதிக்குப் போன பிறகுதான் சிக்கல். அம்மாவும் மகளும் போனில் பேசுவார்கள். மாடி வீட்டுச் சண்டை, துணிக்கடைத் தள்ளுபடி, எதிர்வீட்டு நாய் என்று பேசும் வரைக்கும் லைன் கணீரென்று இருக்கும். "சாப்பிட்டியா" என்று அம்மா வாயெடுத்தால் போதும், டொக். திரும்பப் போட்டால் கிடைக்கும். "உடம்பு எப்படி" என்பதற்குள் மறுபடியும் டொக். போன் பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கினார்கள். புதுசும் அதே இடத்தில் அறுந்தது. கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டார்கள். அவன் அதே போனில் தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டுக் காட்டினான். இத்தனை நாளாகக் கேட்காதவன் இன்றைக்கு ஏன் கேட்கிறான் என்று அவள் பிடித்துக்கொண்டாளே தவிர, லைன் அறுபடவில்லை. மகளின் குரல் மட்டும் வரவரத் தேய்ந்து, கடைசியில் "ம்" என்பதில் வந்து நின்றது.

நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"போயி?"

"அவ முகத்தைப் பார்த்து, எப்படிம்மா இருக்கேன்னு கேளுங்க. அவ்வளவுதான்."

"நானா?"

"பின்ன, தையல் மெஷினா போய்க் கேக்கும்?"

பஸ்ஸில் போகும்போது தையல்காரர் அந்த ஒற்றைக் கேள்வியை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எப்படிம்மா இருக்கே. எப்படி இருக்கே பாப்பு. பக்கத்து இருக்கைக்காரர், தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தன் மூட்டு வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இறங்கும் வரை அவர் நிறுத்தவில்லை.

பல்கலைக்கழக வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடிக் கோபுரம். 'மாணவர் நல்வாழ்வு ஆய்வு மையம், நகர்மன்ற நிதியில்' என்று வெள்ளி எழுத்தில் போட்டிருந்தது. அதன் பின்னால், அதன் நிழலுக்குள் முழுக்க அடங்கிப்போய், காரை பெயர்ந்த ஒரு கட்டடம் நின்றது. அதுதான் மாணவர் விடுதி. தையல்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேல்துணிக்குப் பட்டு, உள்துணிக்குக் கோணி என்று தைத்த கோட்டு ஒன்று நினைவுக்கு வந்தது.

உள்ளே கால் வைத்ததும் மஞ்சள் பட்டை மாட்டிய ஒரு பெண் ஓடி வந்தாள். "எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா. என் பொண்ணைப் பார்க்கணும்."

"நல்லாங்கறது நேத்தைவிட நல்லாவா, போன வாரத்தைவிட நல்லாவா?"

அவர் யோசிப்பதற்குள் இன்னொரு மஞ்சள் பட்டை வந்தது. அதுவும் எப்படி இருக்கிறீர்கள் என்றது. மூன்றாவது பட்டை தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தது. தையல்காரர் பயந்துபோய்ப் பக்கத்திலிருந்த கழிவறைக்குள் நுழைந்து தாழ் போட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு மாணவன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்.

"புதுசா அங்கிள்? நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. விட மாட்டாங்க. சுமார்னு சொன்னா தொலைஞ்சீங்க, நாலாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"நீ ஏம்ப்பா இங்க உட்கார்ந்து படிக்கறே?"

"நான் கேட்கப்படற பாதி. வகுப்புல படிக்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும், இந்த வரியைக் கேட்டதும் மனசுக்குள்ள என்ன தோணுதுன்னு வாத்தியார் கேட்டாகணும். பருவம் முடியப் போகுது, இன்னும் முதல் பாடத்துல முதல் பக்கம். கேட்கப்படாத பாதிக்காரங்க கொடுத்து வச்சவங்கன்னு முன்னாடி நினைப்பேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப நினைக்கறதில்ல. அவங்க நடக்கற நடையைப் பார்த்தா பயமா இருக்கு."

கேட்கப்படாத பாதி என்றால் என்ன என்று தையல்காரருக்கு விளங்கவில்லை. விளக்கியவர் மையத்தின் இயக்குநர். மகளின் பெயரைச் சொன்னதுமே, பெரிய மனிதர் வீட்டுச் சம்பந்தி வந்ததுபோல எழுந்து வந்து உட்கார வைத்தார். அவர் கோட்டில் ஒரு பொத்தான் மாற்றுத் துளையில் ஏறியிருந்தது. தையல்காரரால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஒரு மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பாதிப் பேருக்குக் கொடுக்கணும், பாதிப் பேருக்குக் கொடுக்கக் கூடாது. அக்கறையும் அதே மாதிரிதான். பாதிப் பிள்ளைங்களை எப்படி இருக்கேன்னு கேக்கறோம். பாதிப் பிள்ளைங்களை யாரும் எதுவும் கேக்கறதில்ல. கடைசியில எந்தப் பாதி நல்லா இருக்குன்னு பார்ப்போம். உலகத்துல எங்கேயும் இவ்வளவு சுத்தமா இதைச் செஞ்சதில்ல."

"கேக்காத பாதி எப்படி இருக்குன்னு கேக்காம எப்படிங்க தெரியும்?"

இயக்குநர் முகம் மலர்ந்தது. "அதுதான் இந்த ஆய்வோட அழகே. தெரியாது. ஆனா அவங்ககிட்டேருந்து இன்னிவரைக்கும் ஒரு புகார் வரல. கேட்கப்படற பாதியிலேருந்து மலையாக் குவியுது. முக்கியமா, சதா கேக்கறாங்கங்கற புகார்."

"என் பொண்ணு எந்தப் பாதிங்க?"

"கேட்கப்படாத பாதியோட கிரீடமே உங்க பொண்ணுதாங்க. மத்த பிள்ளைங்களை ஒரு அத்தையோ மாமாவோ எங்கேருந்தாவது வந்து எப்படி இருக்கேன்னு கேட்டுக் கெடுத்துடறாங்க. உங்க பொண்ணை இந்தப் பருவம் முழுக்க ஒரு ஆள் கேக்கல."

"அவங்கம்மா போன்ல கேப்பாங்களே."

"அதை நாங்க கவனிச்சுக்கறோம்" என்று இயக்குநர் பக்கத்து அறையைக் காட்டினார். காதில் குமிழ் மாட்டிய ஒருவர், விரலைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, பக்தியோடு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். தையல்காரருக்கு வாங்கிய புது போனும், கடைக்காரனிடம் போட்ட சண்டையும் ஞாபகம் வந்தன.

"நீங்க எப்படி? பொண்ணை அடிக்கடி கேப்பீங்களோ?" என்றார் இயக்குநர் சந்தேகத்தோடு.

தையல்காரர் யோசித்தார். மகள் கீழே விழுந்து முட்டி பெயர்ந்த நாள், பரீட்சையில் தோற்ற நாள், விடுதிக்குக் கிளம்பிய நாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் இவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டதே இல்லைங்க."

"ஒரு தடவைகூடவா?"

"அவங்கம்மா பார்த்துப்பாங்க."

இயக்குநர் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு செலவு பண்ணி நாங்க இப்பத்தான் கண்டுபிடிச்ச முறையை நீங்க வீட்டிலேயே செஞ்சுட்டு வந்திருக்கீங்க. உங்களை மாதிரி ஒரு அப்பா எங்களுக்கு ஊருக்கு ஒருத்தர் கிடைச்சா போதும்."

வாழ்க்கையில் அவரை இந்த அளவுக்கு யாரும் பாராட்டியதில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "நான் அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அதற்காகத்தான் வந்தோம் என்பது அவருக்கே உறைத்தது.

"அது கஷ்டம். அவங்களே போன மாசம் விலகணும்னு இங்க வந்து நின்னாங்க. விலகணும்னா காரணம் பதியணும். காரணம் தெரியணும்னா கேக்கணும். கேட்டா குழு கெட்டுடும். அதனால சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டுப் போயிட்டாங்க."

"அவளாவே சொல்லியிருப்பாளே."

"சொன்னாங்க, நிறைய. ஆனா கேக்காம சொல்றதை நாங்க எடுத்துக்கறதில்ல. அது தரவு கிடையாது, வெறும் சத்தம்."

மகளை இப்போதைக்குத் தூரத்திலிருந்து பார்க்கலாம் என்று தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடந்தது. பேராசிரியை கரும்பலகையைப் பார்த்தபடி, மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடம் சொன்னார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பின்னால் உயர்ந்திருந்த கைகள் வலித்துத் தாமாகவே இறங்கின. கடைசி வரிசையில், சுவரோடு சுவராக, பாப்பு உட்கார்ந்திருந்தாள். அவள் கையே தூக்கவில்லை.

"திரும்பினா முகத்தைப் பார்த்துடுவாங்க. பார்த்தா 'புரியுதா'ன்னு வாயில வந்துடும். அதுவும் அக்கறைக் கேள்விதான்" என்று இயக்குநர் விளக்கினார். "இந்தம்மாவுக்குத்தான் இந்த வருஷம் சிறந்த கற்பித்தல் விருது. இவங்க வகுப்புல ஒரு சந்தேகம்கூட எழல."

மணி அடித்ததும் பேராசிரியை சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். தையல்காரரின் பக்கத்தில் வந்ததும், எதிர்ச்சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசினார். "கடைசி வரிசைப் பொண்ணு முன்னாடி முதல் வரிசையில இருந்தா. குரல் வர்ற திசையை வச்சுத் தெரிஞ்சுக்குவேன். கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால போனா. இப்ப குரலே வரல. நான் ஏன்னு கேக்கல சார். எனக்கும் வீடு வாசல் இருக்கு." விருதுக்குத் தந்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கென்று பார்த்து நகர்மன்றத் தலைவர் மையத்தைப் பார்வையிட வந்தார். கூட்டம் இல்லாத இடத்தில் அவருக்குப் பேச்சு வராது என்பதால், மஞ்சள் பட்டைகள், காவலாளி, கழிவறையில் இருந்த மாணவன் எல்லாரையும் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்கள். தையல்காரரும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

"மக்கள் காசுல ஒரு சல்லிகூட வீணாகக் கூடாதுங்கறது என் கொள்கை" என்று தலைவர் ஆரம்பித்தார். "முன்னாடி இங்க மனநல ஆலோசகர்னு ஒரு அம்மா இருந்தாங்க. பிள்ளைங்க அவங்க அறைக்குள்ள போறப்ப சும்மா போவாங்க, வர்றப்ப அழுதுட்டு வருவாங்க. பிள்ளைங்களை அழ வைக்கறதுக்கா நாம சம்பளம் கொடுக்கறோம்? அறையை மூடினோம். அன்னிலேருந்து இந்தத் தாழ்வாரத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அந்தக் காசுலதான் இந்தக் கோபுரம். அடுத்து விடுதித் தெருவிளக்கை அணைச்சோம். கேட்கப்படாத பாதியில ஒருத்தர்கூட இருட்டா இருக்குன்னு சொல்லல. அப்ப இத்தனை வருஷமா யாருக்கு விளக்குப் போட்டுட்டிருந்தோம்? இந்த முறையை ஊர் முழுக்கக் கொண்டு வரப் போறோம். தண்ணி வருதா, குப்பை எடுத்தாங்களான்னு இனிமே யாரையும் கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டோம். குறையே இல்லாத ஊரா நம்ம ஊரு ஆகப் போகுது."

கைதட்டினார்கள். தையல்காரரும் தட்டினார். சுற்றி எல்லாரும் தட்டும்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் இயக்குநரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மகளைச் சந்திக்க அனுமதி வாங்கினார். நிபந்தனை ஒன்றுதான். பேசலாம், கேட்கக் கூடாது. மேற்பார்வைக்கு ஒரு ஆய்வு மாணவர் மேஜை மணியோடு உட்காருவார். மூன்று தடவை மணி அடித்தால் சந்திப்பு முடிந்தது. பல வருஷமாக அங்கேயே ஆய்வு செய்து முன்நெற்றி ஏறிப்போன அந்த மனிதரைப் பிள்ளைகள் 'டிங்' என்று கூப்பிட்டார்கள்.

ஜன்னல் திறக்காத அறை. பாப்பு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா."

"பாப்பு."

அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோனது. அவள் போட்டிருந்தது அவர் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. தோள் எலும்பின் மேல் சரியாக உட்காரும்படி தைத்த தையல், இப்போது சரிந்து கையின் பாதியில் தொங்கியது. துணி வளரவில்லை. அவர் கை தன்னை அறியாமல் சட்டைப் பையிலிருந்த அளவு டேப்பை எடுத்தது.

டிங்.

"அளவெடுக்கறதும் விசாரிக்கறதுதான் சார், தயவுசெஞ்சு" என்றார் ஆய்வு மாணவர்.

டேப்பை உள்ளே வைத்தார். பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. "எப்படி..." என்று தொடங்கியதும் மறுபடியும் டிங். இன்னும் ஒன்றுதான் பாக்கி. இத்தனை வருஷமாகக் கேட்டிருக்கலாம், ஒரு பயல் மணி அடித்திருக்க மாட்டான் என்று நினைத்தபோது அவருக்கு முகத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அம்மாவுக்குக் கால்ல கட்டு. மாடிப்படியில வழுக்கிட்டா" என்றார், வேறு எதுவும் தோன்றாமல்.

"எப்போ? பெரிய அடியா?" பாப்பு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆய்வு மாணவரின் கை மணிக்கு மேலே போய் அப்படியே நின்றது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கேட்கப்படாதவரை அப்பா கேட்கக் கூடாது, அத்தை கேட்கக் கூடாது, பேராசிரியர், சமையல்காரர், வழியில் போகிறவர் யாரும் கேட்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருந்தது. கேட்கப்படாதவர் இன்னொருவரைக் கேட்கலாமா என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வரும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

பாப்பு அதைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த குரலைச் செருமிக்கொண்டாள்.

"நீங்க எப்படிப்பா இருக்கீங்க?"

"எனக்கென்ன" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். அவருடைய மனைவி அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் அவரை விசாரிப்பதையே எப்போதோ விட்டிருந்தாள். ஆனால் எதிரில் அந்தத் தோள் தையல் சரிந்து தொங்கியது.

"நல்லா இல்ல பாப்பு" என்றார். "சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

அவள் அவரையே பார்த்தாள். "எனக்கும்."

"ராத்திரி படுத்தா தூக்கம் வரதில்ல. விடிஞ்சா எழுந்திருக்கப் பிடிக்கல."

"எனக்கும்."

"யாருகிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. சொன்னா யாரு காதுல போட்டுக்கப் போறாங்கன்னு விட்டுடறேன்."

"எனக்கும்ப்பா."

"வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கு."

இதற்கு அவளால் எனக்கும் என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் மேஜையில் விழுந்தது. தலைவர் பெருமைப்பட்டாரே, அந்தக் கோபுரத்தில் விழுந்த முதல் சொட்டு அதுதான். ஆய்வு மாணவர் மணியைக் கைக்குட்டையால் மூடிவிட்டு, அதே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்.

விஷயம் நிமிஷத்தில் மேலே போய்விட்டது. இயக்குநரும் தலைவரும் ஓடி வந்தார்கள். இயக்குநரின் கோட்டுப் பொத்தான் இப்போது கழன்றே போயிருந்தது.

"யாரு யாரை எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும் அவங்க மையத்தோட ஆய்வாளர்னுதான் கணக்கு" என்றார் இயக்குநர், தலையில் கை வைத்துக்கொண்டு. "ஆய்வாளர் குழுவுல இருக்க முடியாது. இவங்க கேட்டுட்டாங்க. இந்த நிமிஷத்தோட இவங்க வெளியே."

தையல்காரருக்குப் பாதிதான் புரிந்தது. வெளியே என்ற சொல் நன்றாகப் புரிந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அது எப்படி?" என்றார் தலைவர். "பாதிக்குப் பாதி சரியா இருந்தாத்தான் நிதின்னு தீர்மானம். நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து, வகுப்புல இந்தப் பொண்ணோட நாற்காலியில ஏன் ஆள் இல்லன்னு கேப்பான். நான் என்ன, அந்தப் பொண்ணுக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சுன்னு எழுதிக் கொடுக்கறதா? பதிலுக்கு ஒரு ஆளை வச்சுட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அறையில் இருந்த எல்லாரும் தையல்காரரைப் பார்த்தார்கள். இயக்குநரின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"உங்களை வீட்டுல எப்படி இருக்கீங்கன்னு கேக்கறது உண்டா?"

"இல்லைங்க. முன்னாடி கேப்பாங்க. நான் எனக்கென்னன்னு சொல்லிடுவேன். விட்டுட்டாங்க."

"கடையில?"

"சட்டை எப்ப ரெடியாகும்னுதான் கேப்பாங்க."

"இயற்கையிலேயே கேட்கப்படாதவர்" என்றார் இயக்குநர் தலைவரிடம். "பயிற்சியே வேண்டாம்."

"அப்பா, வேண்டாம்" என்றாள் பாப்பு.

தையல்காரர் வகுப்பின் கடைசி வரிசை நாற்காலியை நினைத்துப் பார்த்தார். அதில் உட்கார்ந்துதான் பெண் இப்படி ஆனாள். "நீ போ. யாரும் கேக்காம இருக்கறது எனக்குப் பழக்கம்தான்" என்றார். "பருவம் முடிஞ்சதும் வந்துடுவேன். போனதும் அம்மா கேப்பா. ஒண்ணு விடாம சொல்லு."

"நீங்க..." என்று அவள் ஆரம்பித்தாள். ஆய்வு மாணவர் கண்ணை மூடிக்கொண்டு மணியை அடித்தார். தையல்காரர் இனி கேட்கப்படாத பாதி.

பழக்கம்தான் என்று அவர் சொன்னது பொய்யில்லை. முதல் சில நாள் சிரமமே தெரியவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பேராசிரியையின் முதுகைப் பார்த்தார். சால்வையின் ஓரம் பிரிந்திருந்ததை ஒரு நாள் வாங்கித் தைத்துக் கொடுத்தார். பேராசிரியை சுவரைப் பார்த்து நன்றி சொன்னார். விடுதியில் இருட்டில் நடந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வைப்பார்கள், எடுப்பார்கள். நன்றாக இருந்ததா என்று கேட்க மாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆனால் ஒரு தடவை யாராவது கேட்டுவிட்டால் பிறகு பழைய மாதிரி இருக்க முடிவதில்லை. அந்த ஜன்னல் திறக்காத அறைப் பேச்சுக்குப் பிறகு அவருக்குள் ஒவ்வொரு நாளும் பதில்கள் சேர்ந்துகொண்டே வந்தன. முதுகு வலிக்கிறது. மெஷின் சத்தம் இல்லாமல் காது வெறிச்சென்று இருக்கிறது. நேற்றுக் கனவில் பாப்பு சின்னப் பிள்ளையாக வந்தாள், முட்டியில் ரத்தம், நான் ஓடிப் போய் வலிக்குதா என்று கேட்டேன். இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. யாராவது வழியில் எதிர்ப்பட்டால் முகத்தை ஆசையோடு பார்ப்பார். அவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். தான் முன்பு மகளுக்குச் செய்ததும் இதுதான் என்பது ஒரு நாள் தோன்றி, அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மையத்தின் அறிக்கை வெளியானது. கேட்கப்படாத பாதியில் குறை சொன்னவர் எவருமில்லை, கேட்பதே மாணவர் நலனுக்குக் கேடு என்று நிறுவப்பட்டது. நகர்மன்றம் மகிழ்ந்து, கோபுரத்தின் மேல் இன்னும் சில மாடிகளுக்கு நிதி ஒதுக்கியது. விதிப்புத்தகத்தில் இருந்த ஓட்டையையும் அடைத்தார்கள். கேட்கப்படாதவரும் இனி எவரையும் எதுவும் கேட்கக் கூடாது. ஆகவே பருவம் எப்போது முடியும் என்று தையல்காரர் யாரையும் கேட்க முடியாமல் போயிற்று. சில பேர் முடிந்துவிட்டது என்று பெட்டியோடு போவதைப் பார்த்தார். அவர்கள் மற்ற பாதியா, இந்தப் பாதியா என்றும் கேட்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"ஏங்க, நான்தான்" என்றாள் மனைவி. "கட்டுப் பிரிச்சாச்சு. பாப்பு நல்லா இருக்கா. வந்த அன்னிக்குச் சாப்பிட்டா, அழுதா, தூங்கினா, எழுந்து மறுபடியும் சாப்பிட்டா. எல்லாத்தையும் கேட்டுட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டா. இப்ப உங்க மெஷின்ல உட்கார்ந்து அந்த நீலச் சட்டையைப் பிரிச்சுத் தைச்சுட்டிருக்கா. கோணல் மாணலா வருது."

"ம்" என்றார்.

"அங்க நீங்க அவகிட்டப் பேசினதையும் சொன்னா. எனக்கென்ன எனக்கென்னன்னே இத்தனை வருஷம் ஓட்டிட்டீங்க. நானும் கல்லுன்னு நினைச்சுக் கேக்கறதை விட்டுட்டேன்."

அடுத்து என்ன வரப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து அறையில் சுவிட்சின் மேல் இருக்கும் விரலும் தெரிந்தது. கேட்காதே என்று கத்திச் சொல்லலாம். ஆனால் அவள் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, ரொம்ப இருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஏங்க" என்றாள் அவள். "நீங்க எப்படி..."

டொக்.

தையல்காரர் ரிசீவரை வைக்கவில்லை. உயிரில்லாத அந்த லைனில், முதுகு வலியிலிருந்து கனவு வரைக்கும், பதிலை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.